எழுதிக் கொடுங்க சார்

என் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எப்போதும் இருக்கும். வடக்கு வாசலில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்பில் என்னை ‘நிருபர்’ என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்த மனிதர் மேல் எனக்கு இருபது வருடக் கோபம். அது ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் பெருமாளிடம் வேண்டிக்கொண்டதுமில்லை.

கடற்படைக் கப்பலின் இயந்திர அறையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, ஓர் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தேன். நீராவியும் பம்பும் எனக்குப் பழகியவை. உத்தரவுதான் புதிது. கப்பலில் அதிகாரி வாயால் சொன்னால் போதும், திருப்பிச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கிவிடுவோம். இங்கே காகிதத்தில் கையெழுத்து விழாமல் ஒரு சுவிட்சைத் தொடக் கூடாது. நாற்பது வயதில் பையன்களோடு உட்கார்ந்து படித்து, உலையை இயக்கும் உரிமம் வாங்கினேன். அதுதான் எனக்கு மறுவாழ்வு.

எங்கள் ஷிஃப்டின் தலைமைப் பொறியாளர், ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துப் புத்தூர்க்காரர். நம்ம ஊர்க்காரர் என்று நம்பினேன். ஒரு நாள் மதியம் ஃபோனில், “ரெண்டாம் நம்பர் பம்பை நிறுத்துங்க. பேப்பர் பின்னாடி வரும், நான் சொல்றேன்ல” என்றார். கப்பல் புத்தி போகவில்லை. “ரெண்டாம் நம்பர் பம்பை நிறுத்துறேன் சார்” என்று திருப்பிச் சொல்லி நிறுத்தினேன். நிறுத்த வேண்டியது மூன்றாவது பம்பு. உலை தானாகவே பத்திரமாக நின்றுகொண்டது. யாருக்கும் ஆபத்தில்லை, என்னைத் தவிர. விசாரணையில் அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: “நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க. மிலிட்டரியில இருந்து வந்தவர், அவசரப்பட்டுட்டார்.” உரிமம் போயிற்று. இரண்டு வருடம் கிடங்கில் உட்கார்ந்து கையுறைகளை அளவுவாரியாக அடுக்கினேன்.

மறுபடி தேர்வெழுதி அதே அறைக்குத் திரும்பினேன், அதே மனிதருக்குக் கீழே. அதன் பிறகு அவர் வாயைத் திறந்தாலே நோட்டை நீட்டுவேன். “எழுதிக் கொடுங்க சார்.” ஏசியைக் குறைக்கச் சொன்னாலும் அதேதான். அறையே சிரிக்கும், அவர் முகம் சுண்டிப்போகும். அவர் ஓய்வு பெறும் நாள்வரை நான் விடவில்லை. அதில் எனக்கு ஒரு ருசி இருந்தது, மறைப்பானேன்.

போன மாதம் சர்க்கரைக்குக் காட்டப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சக்கர நாற்காலியில் அவர், பாதியாக இளைத்து. மறுநாள் இதயத்தில் ஆபரேஷன் என்று அவர் மகள் சொன்னாள். அவளை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு நான்தாங்க சொன்னேன். பயந்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.”

இருபது வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. நோட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன்.

“எழுதிக் கொடுங்க சார்.”

பேனாவை வாங்கிக் கோணல்மாணலாக எழுதினார். “தேதியும் நேரமும் போடுங்க” என்றேன். போட்டார். கையெழுத்தும் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, “மன்னிச்சுட்டீங்களா?” என்று கேட்டார்.

“மன்னிச்சுட்டேன் சார்” என்றேன், வாயால்.

அவர் என் கையிலிருந்த பேனாவையே பார்த்தார். நான் அதன் மூடியைப் போட்டு, நோட்டோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்களா என்று பார்க்கப் போனேன்.