கப்பலுக்குப் பாய் வரைந்த வாரம்

மலாயா விடுதலை பெற்று, மெர்டேக்கா முழக்கம் கேட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்குப் பதினொரு வயது. உலக வரலாறு முழுவதும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அது அவ்வளவு பெரிதாகவும் இல்லை. முதல் பக்கத்தில் ஒரு பெண் ஆற்றங்கரையில் கோதுமை விதைத்துக்கொண்டிருப்பாள். கடைசிப் பக்கத்தில் பாய்மரக் கப்பல்கள் மலாக்காவுக்கு வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அடுத்த வகுப்புக்கு.

மலாக்காவில், பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். எங்களுக்கு வரலாறு எடுத்த மிஸ், போர்த்துக்கீசிய வம்சாவளியில் வந்தவர். கப்பல்கள் வந்த பாடத்தை நடத்தும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார், வீட்டு விஷயத்தை வெளியாரிடம் சொல்வதுபோல.

பள்ளிக்கு விருந்தினர்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. வகுப்புச் சுவர் நெடுக ஒரு பழுப்புத் தாளை ஒட்டி, உலகின் திருப்பங்களை வரிசையாகப் படம் போட்டு வைக்க வேண்டும் என்றார் மிஸ். ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருத்திக்கு விதைப்பு, ஒருத்திக்கு மதில் சூழ்ந்த முதல் நகரம், ஒருத்திக்குக் களிமண்ணில் எழுதிய எழுத்து. பிறகு இரும்பு, காகிதம், திசைகாட்டி. வரிசையின் கடைசியில் கப்பல். அது எனக்கு வந்தது.

மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் அது செருப்பைப் போலவே இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து வண்ணப் படங்களை வெட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வருவதில்லை. ஆனால் அலமாரி இழுப்பறையில், நீளமான உறைக்குள், ஒரு தாள் இருந்தது எனக்குத் தெரியும். அதன் மேல்பாதியில் அழகான ஒரு கப்பல். கீழ்ப்பாதியில் ஏதோ எழுத்துகள், முத்திரைகள். கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை.

எழுத்து இருந்த பாதியைப் பின்னால் மடித்து, மரவள்ளி மாவுப் பசையை நன்றாகத் தடவி, கோடியில் ஒட்டினேன். மிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன் கப்பலில் புகை வராது என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. வெள்ளை வண்ணத்தைக் குழைத்துப் புகைக்கூண்டின்மேல் இரண்டு பெரிய பாய்களை வரைந்துவிட்டேன். வகுப்பே கைதட்டியது. அது வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை மாலை அப்பா இழுப்பறையைத் திறந்தார்.

அப்பா ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பதினேழு வயதில் வந்தவர். அம்மா மலாக்காவின் காஜா பேராங்கிலேயே பிறந்தவர்; பல நூறு வருஷத்துக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வழிச் சிட்டிக் குடும்பத்துப் பெண். அவர் பக்கத்தில் பேச்செல்லாம் மலாய்தான். தமிழை அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டு, தன் வசதிக்கு வளைத்து வைத்திருந்தார். அந்த வியாழக்கிழமை அப்பா குடியுரிமைப் பதிவுக்குப் போகவேண்டும் என்பதும், இந்த நாட்டுக்கு அவர் என்றைக்கு வந்தார் என்று சொல்ல வீட்டில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கப்பல் சீட்டுத் தாள்தான் என்பதும் எனக்குத் தெரியாது.

அலமாரியின் துணிகள் எல்லாம் கட்டிலுக்கு வந்தன. கட்டிலின் மெத்தை தரைக்கு வந்தது.

"இங்கதானே வச்சேன்? யாரு எடுத்தா?"

"சூராட் யாரும் எடுக்கலெ. நீங்கதான் எங்கயோ வச்சிட்டு லுப்பா" என்றார் அம்மா. அந்தக் காகிதத்தை யாரும் தொடவில்லை, நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அம்மா கறையான்மேல் பழியைப் போட்டார். அலமாரியை நகர்த்தினார்கள். கறையான் இல்லை. நான் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்து, தேடுவதற்கு உதவி செய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைப் பாய்கள் கண்முன் வந்தன. தாளை எடுத்ததற்கு ஓர் அடி விழும் என்றால், பாய் வரைந்ததற்கு எத்தனை விழும் என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வயிற்று வலி என்று சாப்பிடாமல் இருந்தேன். அது பொய்யல்ல, உண்மையாகவே வலித்தது. பள்ளியில் நாள் முழுவதும் கப்பலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை அடுப்படி வாசலில் அப்பா மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"பேப்பர் இல்லாதவங்கள ஊருக்கே திருப்பி அனுப்பிருவாங்கன்னு கிடங்குல பேசிக்கிறாங்க."

அம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுபோனது.

அம்மா இந்த ஊர்க்காரர், நானும் இந்த ஊர்க்காரி. அப்படியென்றால் போகப்போவது அப்பா மட்டும். மனதில் தோன்றிய, அவரை ஏற்றிச்செல்லும் கப்பலின் முகப்பு, நான் ஒட்டிய கப்பலைப் போலவே இருந்தது. அதன் பாய்கள் வெறும் வண்ணம் என்பதால் அது நடுக்கடலில் நின்றுவிடும் என்றும் தோன்றியது.

புதன்கிழமை காலை, காவலாளி கதவைத் திறந்ததும் வகுப்புக்குள் ஓடினேன். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன். பசை என் கைப்பக்குவம், கல்லாக இறுகியிருந்தது. இழுத்தேன். 'டர்' என்று கடல் கிழிந்தது. அப்போதுதான் மிஸ் உள்ளே வந்தார்.

அழுதுகொண்டே எந்த மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை. அப்பா, கப்பல், நாளைக்கு என்ற மூன்றும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். விருந்தினர்கள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மிஸ் மேசையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து, சுவரின் கோடியில் மேலிருந்து கீழாக வெட்டினார். கப்பலும் கடலும் சுருண்டு என் கையில் விழுந்தன. உலக வரலாறு திசைகாட்டியோடு முடிந்துபோனது. தெருமுனையில் ரிக்‌ஷா பிடித்து என்னை அதில் ஏற்றி, காசையும் அவரே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அம்மா சுருளை விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதுகில் ஒன்று வைத்தார். பிறகு புட்டு அவிக்கும் பானையை அடுப்பில் ஏற்றினார். ஆவியில் காட்டிக் காட்டி, கரண்டிக் காம்பால் நெம்பி, ஒரு மணி நேரம் போராடினார். மடிப்பு பிரிந்தது. அப்பாவின் பெயர் பிழைத்திருந்தது. கப்பல் புறப்பட்ட ஆண்டின் கடைசி எண்ணும், வட்ட முத்திரையின் பாதியும் பசையோடு போய்விட்டன. பாய்கள் மட்டும் கொஞ்சமும் அழியவில்லை.

அப்பா சாப்பாட்டுக்கு வந்தபோது தாள் மேசைமேல் காய்ந்துகொண்டிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். அடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ ஒட்டினத நாளைக்கு நீயே வந்து ஆபீசர்கிட்ட சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை நாங்கள் மூன்று பேர் போனோம். மூன்றாவது ஆள் மாமா, அம்மாவின் அண்ணன். சாட்சிக்கு ஒருவர் இருக்கட்டும் என்று அம்மா அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்குப் போவதுபோல் நல்ல சாரோங் கட்டி, தலையில் முக்கோணமாகத் துணி மடித்துக் கட்டியிருந்தார். வழியெல்லாம் நான் சொல்லவேண்டியதை மலாயில் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. எங்கள் முறை வந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த மலாய் அதிகாரி இளைஞராக இருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன கப்பல்?" என்றார்.

அப்பா என் தோளைத் தொட்டார். மனப்பாடம் செய்ததில் முதல் சொல்கூட வரவில்லை.

மாமா முன்னால் வந்தார். "பிள்ளை பாடம் படிச்சிருக்கு துவான். அதான் பாய் கட்டிட்டா" என்றார் தன் மலாயில். அதிகாரி பக்கத்து மேசைக்காரரிடம் தாளைத் தூக்கிக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை.

"ஆண்டு தெரியவில்லையே. இவரை எத்தனை வருஷமாகத் தெரியும்?"

"சூடா லாமா" என்றார் மாமா, ரொம்ப காலமாக என்று. "ஜப்பான்காரன் வரதுக்கு முன்னாடியே என் தங்கச்சியக் கட்டிட்டாரு."

"நீங்கள் எந்த ஊர்?"

"காஜா பேராங்."

"அதற்கு முன்?"

"காஜா பேராங்" என்றார் மாமா.

அதிகாரி பேனாவைக் கையில் வைத்தபடி ஒரு நிமிடம் மாமாவின் தலைத்துணியைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அப்பா எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, அதிகாரி வாசிப்பதைத் திருப்பிச் சொல்லவேண்டும். மலாயில் சின்னச் சின்னத் துண்டுகளாக வாசித்தார். இனி வேறு எந்த நாட்டுக்கும் விசுவாசமாக இருக்கமாட்டேன், அதையெல்லாம் முழுவதுமாக விட்டுவிட்டேன் என்ற இடம் வந்தபோது அப்பா நின்றுவிட்டார். அதிகாரி மறுபடியும், மெதுவாக, வாசித்தார். அப்பாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். மூன்றாவது முறை சொல்லிவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ரப்பர் கொண்டுவருகிறவர்களிடம் நாளெல்லாம் மலாயில் பேரம் பேசுகிறவர், இவ்வளவு சுலபமான வாக்கியத்தில் தடுக்கிவிட்டாரே என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் மாமா வேலைக்குப் போய்விட்டார். நானும் அப்பாவும் திடலைத் தாண்டிக் கடலோரம் வரை நடந்தோம். வீட்டுக்குப் போகும் வழி அதுவல்ல. அப்பா சுவரோரம் நின்றார். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, சேறு மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு ஒரு தங்கை இருந்தார். 'அண்ணா, எப்போது வருகிறாய்' என்று வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். அடுத்த வருஷம் என்று அப்பா பதில் எழுதுவார். அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. என்னை எப்படித் தண்டிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். காத்திருக்க முடியாமல் நானே அழுதுவிட்டேன்.

"இனிமே எடுக்கமாட்டேம்ப்பா. அந்தத் தாள எடுத்தது தப்புப்பா."

அப்பா திரும்பினார். நான் அங்கே நிற்பதையே அப்போதுதான் கவனித்தவர்போல் என்னைப் பார்த்தார். அவர் கண்ணோரம் சிவந்திருந்தது. வெயில் என்று எண்ணிக்கொண்டேன்.

"எந்தத் தாளும்மா?" என்றார்.

மறந்தே போய்விட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வழிநெடுகக் குதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.