ஓரம் விட்ட மக்கன் பேடா

மக்கன் பேடா நவாப் வீட்டுப் பண்டம் என்று ஆற்காட்டுக்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். தட்டட்டும். எந்த நவாப் அடுப்படியில் நின்று வெந்தார்? வெந்ததெல்லாம் அக்தரி பேகம் மாதிரி ஆட்கள்தான்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் மடிக்கும் மேசையில் பாதி ஆயுசைக் கழித்தவள் அக்தரி. கம்பெனி ஆளைக் குறைத்தபோது வீட்டில் பேடா போட்டு விற்க ஆரம்பித்தாள். தெருவுக்குள் நன்றாகவே ஓடியது. கல்யாண ஆர்டர் மட்டும் கிட்டவில்லை. ஷாதி மஹால் அடுப்படியில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்பார்கள். பிரியாணி மாஸ்டர் ஆபித் பாஷாதான் மாப்பிள்ளை வீட்டில் ஒற்றைக் காலில் நின்று இந்தக் கல்யாண ஆர்டரை வாங்கிக் கொடுத்தார்.

"சொதப்பிட்டா என் பேரும் போய்டும், அக்தரிம்மா. அப்பறம் எந்த மஹால்லயும் உன்ன உள்ள விடமாட்டாங்க" என்று சொல்லியும் வைத்தார்.

கம்பெனியில் கூட வேலை பார்த்த மேகலாவையும் முத்துமாரியையும் துணைக்கு அழைத்திருந்தாள். கோவாவும் மைதாவும் வெண்ணெயாய்ப் பிசைந்தாயிற்று. அவர்கள் முந்திரியும் சாரைப்பருப்பும் வைத்து மூடி உருட்டித் தர, அக்தரி முதல் ஈட்டை எண்ணெயில் விட்டாள்.

ஒன்று பாக்கியில்லாமல் வாயைப் பிளந்தன! பருப்பெல்லாம் மிதந்து கருகியது.

"யா அல்லா!" அக்தரி கருகியதை வாரிக் கொட்டினாள். மைதாவைக் கூட்டினாள், பிளந்தது. தீயைத் தணித்தாள், அப்போதும் பிளந்தது. மஹாலுக்குள் நிக்காஹ் முடிந்து துஆ ஓதும் சத்தம் கேட்டது.

ஆபித் பாஷா எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போனது. "இன்னாம்மா இது? பந்தி போடப் போறாங்க!"

"கோவா சரியில்லியோக்கா?" என்றாள் மேகலா, உருட்டிக்கொண்டே.

அக்தரியின் பார்வை அவள் கையில் விழுந்தது. மேகலாவின் கட்டைவிரல் மாவின் ஓரத்தைத் தேய்த்துச் சன்னமாக்கி, மடித்து, ஓர் அழுத்து அழுத்தியது. முத்துமாரியும் அதையேதான் செய்தாள். தைப்பதற்கு முன்னால் தோலை அப்படித்தான் மடிப்பார்கள். தோலுக்கு அது சரி. மாவில் மெலிந்த ஓரம் எண்ணெய் பட்டதும் விட்டுவிடும். ஆரம்பத்தில் அந்தப் பழக்கத்தைக் கையிலிருந்து போக்கத் தானும் பட்ட பாட்டை இவர்களிடம் சொல்லாமல் விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவிகளா! ஷூவாடி மடிக்கிறீங்க? ஓரத்த மெலிசாக்காம கனமா விட்டு உருட்டுங்க!"

"அய்யே! கை அது பாட்டுக்குப் போய்டுச்சுக்கா" என்று முத்துமாரி உதறிக்கொண்டாள்.

மிச்சத்தையெல்லாம் பிரித்து மறுபடி உருட்டினார்கள். எண்ணெயை மாற்றி அடுத்த ஈடு போட்டதும் மூன்று பேரும் சட்டியின் மேல் குனிந்தார்கள். பேடாக்கள் மெல்லப் புரண்டு சிவந்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. பந்தியில் பிரியாணி நடந்த நேரத்தில் அவை பாகில் ஊறின.

கடைசிப் பந்திக்குப் பிறகு மாப்பிள்ளையின் அம்மா நசீமுன்னிசா அடுப்படிக்கே வந்தாள். "பேடா யாரு போட்டது?"

ஆபித் பாஷா அக்தரியைக் காட்டினார்.

"என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கும் நீதான் வரணும். உள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"வர்றேம்மா" என்றாள் அக்தரி. பாகுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.