முதுகில் பொத்தான் போட்ட கோட்டு

நனைந்த நிலக்கரிக்கு ஒரு வாசனை உண்டு. அணைத்த அடுப்பும் ஈர இரும்பும் கலந்தாற்போல. மார்கழித் தூறலில் ராயபுரம் தாண்டும்போது அது மூக்கில் ஏறியதும், இருபத்திரண்டு வயதில் நண்பனின் பைக்கில் இதே சாலையில் பல் கிடுகிடுக்கப் பாடிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. வயது ஐம்பதை நெருங்குகிறது. பாட்டு போய்விட்டது. கிடுகிடுப்பு அப்படியே இருக்கிறது.

காலை 5.10. காசிமேடு மீன்பிடித் துறைமுக வாசல். பைக்கை ஓரங்கட்டினேன். டீ பன்னிரண்டு ரூபாய். மழைக்கோட்டின் பொத்தான் இடுக்குகளில் புகுந்த மழை, பனியனை நெஞ்சோடு ஒட்டவைத்திருந்தது. சென்னையில் குளிரா என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். நனைந்த சட்டையோடு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துவிட்டுச் சிரிக்கட்டும்.

“எண்ணூருக்கா போற, நைனா?”

கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண் கேட்டார். பெயர் பிலோமினா. ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர்.

“ஆமாம்மா.”

“என்னியும் ஏத்திக்கோ. எம்புள்ள மீன் புடிக்கப் போன போட்டு நேத்து சாயந்தரமே எண்ணூர் முகத்துவாரம் வந்திருக்கணும். இன்னும் வரல. போனும் போவல. ஆட்டோக்காரன் மயன்னு பேஜாரு பண்றான்.”

வண்டியைக் கிளப்பினேன். அவர் ஏறவில்லை. “இன்னா கோட்டு போட்டுகினு கீற? கயட்டு மொதல்ல.”

டீக்கடைப் பழைய நாளிதழை மடித்து, சட்டைக்குள் நெஞ்சில் செருகச் சொன்னார். மீன் போடும் பிளாஸ்டிக் பைகளைக் காலுறைமேல் மாட்டி, அதன்மேல் ஷூ. பிறகு கோட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டு, முதுகுப்பக்கம் பொத்தான்களைப் போட்டார். “ஐஸ் வண்டி ஓட்றவன்லாம் இப்டித்தான். காத்துக்கு முன்னால வயியே இருக்கக் கூடாது.”

“மாமு, ஆபரேசன் பண்ற டாக்டராட்டம் கீற!” என்றார் டீக்கடைக்காரர். பிலோமினா சிரிக்கவில்லை.

5.30. திருவொற்றியூர் வரை கன்டெய்னர் லாரிகள் வாரி இறைத்த சேற்றுநீர் நெஞ்சில் மோதி, வழி தெரியாமல் திரும்பியது. ஆயிரக்கணக்கில் செலவழித்த கையுறைகளோடும் மேல்கோட்டுகளோடும் மலையேறியிருக்கிறேன். இந்தக் கதகதப்பு வாய்த்ததில்லை. முதுகில் ஏதோ ஊர்ந்தது. அவர் விரல். பொத்தான் ஒவ்வொன்றையும் ஜெபமாலை மணிபோல் தொட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு வலப்பக்கம் கடல் வந்தது. கருங்கல் தடுப்பைத் தாண்டி எழுந்த அலை ஒரு கணம் எங்களுக்கு மேலே நின்றது. உள்ளே விடியலின் சாம்பல் வெளிச்சம், கண்ணாடிக்குள் போல. தலைமேல் உடைந்து உப்பாகக் கொட்டியது. வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மேகத்துக்குள் தலை நுழைத்து நின்றன. எவ்வளவு பெரியது இந்த உலகம்! அதில் எங்கோ ஒரு சிறு படகு.

6.10. முகத்துவாரம். ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். காற்றுக்கு மறைவாக என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அரைமணி நேரம் அந்த முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

ஒரு படகு வந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்தபடி இன்னொன்று, எஞ்சின் சத்தமே இல்லாமல். பின்படகின் முனையில் ஒருவன் கையசைத்தான்.

பிலோமினா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். “ஒரு போன் பண்ணா இன்னாடா?”

“தண்ணில வுயுந்துச்சும்மா. எஞ்சினும் பூட்ச்சு.”

“நீ வுயாம வந்தியே, அது போதும்.” ஈர முந்தானையால் அந்த முப்பது வயது ஈரத்தலையைத் துவட்டினார். இரண்டுமே காயவில்லை.

6.55. கிளம்பத் திரும்பினேன். முதுகில் சில்லென்றது. தடவிப் பார்த்தேன். அத்தனை பொத்தான்களும் கழன்றிருந்தன. பின்னால் நின்றபடி வேண்டுதலோடு ஒவ்வொன்றாய்க் கழற்றியிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

“அய்ய, நானா பண்ணேன்?” என்று ஓடிவந்தவர், மேலிருந்து கீழே நிதானமாக எல்லாவற்றையும் போட்டுவிட்டு முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

“வூடு போற வரிக்கும் கயட்டாத, நைனா. ஒன்னால முடியாது. வூட்டுல யாரையாவது கூப்புடு.”