காந்தத்தில் ஒட்டாத கருப்புக் கல்

பொன்னமராவதியிலிருந்து வந்த பழைய இரும்பு லோடை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. என் நண்பன், இயற்பியல் பேராசிரியர் ஆரோக்கியம் போய்விட்டான். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் மகள் மேகலா இதைக் கேட்டு எப்படி அழுவாள், நான் போனால் இப்படி அழுவாளா என்றுதான் தோன்றியது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அவனும் நானும் ஒரே பெஞ்சு. பத்தாவதோடு நான் பழைய இரும்புக்கு வந்தேன், அவன் கல்லூரிக்குப் போனான். புதுக்கோட்டைக் கடைவீதியில் நான் காரில் வந்தால் வழிவிடுவார்கள். அவன் சைக்கிளில் வந்தால் எழுந்து நிற்பார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பது வியாபாரிக்குத் தெரியாதா?

நூலில் கட்டிய காந்தத்துண்டுதான் என் தொழிலுக்குக் கண். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் தனிக் குவியல். ஒருநாள் அவன் என் கடைக்கு வந்து, தான் ஆராயும் காந்தம் என்று சுண்டைக்காய் அளவு கருப்புக் கல்லை நீட்டினான். என் காந்தத்தை வைத்தேன். அசையவில்லை.

“என்ன மாப்ள, இருவது வருசமா இதையா கட்டிக்கிட்டு அழுவுற? ஏமாந்துட்டியேடா!”

அவன் சிரித்தான். “ஒட்டலைன்னா காந்தமில்லன்னு ஆயிருமா? உள்ள அணு ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். ஒண்ணு அங்கிட்டுப் பாக்குது, பக்கத்து அணு இங்கிட்டுப் பாக்குது. கூட்டினா சைபர். ஆனா ஒண்ணை நகத்தி இன்னொண்ணு மேல அப்படியே வைக்க முடியாது, திருப்பித்தான் வைக்கணும். அந்தத் திருப்பந்தான்டா புதுசு. இதுக்குள்ள கரண்டப் பாய்ச்சுறப்ப தெரியும்.”

நான் அடுத்த லோடைப் பார்க்கப் போனேன். கடையில் என்னோடு இருந்த மேகலா நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

என் கடையை எடுத்து நடத்துவாள் என்று நினைத்திருந்த பெண், அவனிடமே படித்து, அதே ஆராய்ச்சிக்கு வெளிநாடும் கிளம்பிவிட்டாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் “சார் சொன்னாங்க” தான். பொறுக்காமல் அவன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன்.

“எம்புள்ளய எங்கிட்டருந்து பிரிச்சிட்டேல்ல?”

“நான் எங்கடா கூப்புட்டேன்? சின்னப்புள்ளயில அவ கையில காந்தத்தக் குடுத்தது நீ. இது ஏம்ப்பா ஒட்டலன்னு ஒங்கிட்டதான் மொதல்ல கேட்டிருக்கா. நீ அந்தக் குவியல்ல போடுன்னு சொல்லிட்ட. அதான் எங்கிட்ட வந்தா.”

அதன்பிறகு ஒரு வருடம் அவனிடம் பேசவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதுதான் காரணம்.

அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி அந்தக் கல்லைச் சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் தந்தார். “ஒங்களுக்குத்தாண்ணே குடுக்கச் சொன்னாக.” மேகலாவுக்கு அல்ல, எனக்கு. அந்த நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மகளுக்குப் போன் செய்து, “ஏன்த்தா இது ஒட்ட மாட்டேங்குது?” என்று கேட்டேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு வெகுநேரம் சொன்னாள். பாதி புரிந்தது. மீதியை நாளைக்கு ஆரோக்கியத்திடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணியபடியே போனை வைத்தேன்.