முதல் துடிப்புக்குக் காத்திருந்தவர்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. "மேடம் போயிட்டாங்க சார். தூக்கத்துலயே," என்றார் எங்கள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். திண்டிவனம் பேருந்து எதிரே நின்றிருந்தது; ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயல்கள் ஓசையில்லாமல் மிதந்து போயின.

குழந்தைகளின் இதய அறுவை மருத்துவர் மங்கையர்க்கரசியோடு பல வருடம் வேலை பார்த்தேன். இதயத்தை நிறுத்தி அவர் ஓட்டையை அடைக்கும் நேரத்தில், உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இயந்திரம் என் பொறுப்பு. அதனால் நான் அவருக்கு 'டிரைவர் சார்'. "தூங்கிடாதீங்க டிரைவர் சார்" என்று சீண்டுவார். நான் ஒருநாளும் தூங்கியதில்லை என்பது கூட வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை மரக்காணம் பக்கத்திலிருந்து மீன் விற்கும் பெண் ஒருவர் தன் மகளோடு வந்திருந்தார். இதயத்தை நிறுத்துவோம் என்றதும் அவர் முகம் வெளுத்தது. புரியவைக்கிற ஆர்வத்தில் மேடம், "கெடாம இருக்க மீனை ஐஸ்ல வெக்கிறீங்கல்ல? அது மாதிரிதாம்மா," என்றார்.

"ஐஸ்ல வெக்கிறது செத்த மீனுங்க. நான் புள்ளைய தூக்கிக்கினு ஊருக்கே போறேன்." அந்தம்மா எழுந்துவிட்டார்.

படியேறினாலே உதடு நீலமாகிவிடும் குழந்தை. திரும்பிப் போனால் தாங்காது. மேடம் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"தப்பா சொல்லிட்டேம்மா, உக்காருங்க. துடிச்சிக்கினே இருந்தா இதயத்துக்குப் பசிக்கும். மருந்து குடுத்து குளிர வெச்சா, பசி தெரியாம தூங்கும். நடுநடுவுல மறுபடியும் மருந்து ஊட்டுவோம். முடிஞ்சதும் வெதுவெதுன்னு ரத்தம் வுட்டு எழுப்புவோம்."

"எழுந்திரிக்கலைன்னா?"

"சமயத்துல நேரமாவும். அதுவரைக்கும் நான் நவுர மாட்டேன்."

அந்தம்மா உட்கார்ந்தார்.

அறுவை அன்று ஓட்டையை அடைத்தாயிற்று. வெதுவெதுப்பான ரத்தம் இதயத்துக்குள் போனது. துடிக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல எல்லோரும் நின்றோம். "மேடம்..." என்றேன். "ஜல்தி பண்ணாதீங்க டிரைவர் சார். கண்ணு முழிக்கட்டும்." ஓரத்தில் ஒரு சிலிர்ப்பு. பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திண்டிவனத்து வீட்டில் மேடத்தைக் குளிர்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. எல்லோரும் மாலை போட்டுவிட்டு நகர்ந்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, பதறாமல் காத்திருப்பது ஒன்றைத்தான். குளிரில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள் என்றே இத்தனை வருடம் பழகிய மனசு.

"போலாம் சார்," என்று நர்ஸ் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் இரும்மா," என்றேன்.