வர்றதுக்கு ரெண்டு பங்கு

அன்று வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். கட்டிலில் என் வீட்டுக்காரர் ஏழுமலை. கால்மாட்டில் நான். அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மகள் செல்வி. ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற வந்த காதர் பாய். பிறகு வந்தவர்கள் பலர் தாங்களும் இருந்தது போலப் பேசுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் ஏழாவதோடு நின்றவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே நோய் உள்ள வீட்டில் யாருக்காவது உதவலாம்.

அவருக்கு விழுப்புரத்தில் தீயணைப்பு வேலை, முப்பத்திரண்டு வருஷம். வீடு திண்டிவனத்தில். கூரை வீடு எரிந்தாலும் மல்லாட்டை (வேர்க்கடலை) குடோன் எரிந்தாலும் நிலையத்திலேயே குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஒரு நாளும் புகை நாற்றத்தோடு என் முன்னால் வந்து நின்றதில்லை. அதற்கும் முன்னால், எங்கள் தெரு மருந்துக்கடைக்குப் போன் செய்வார். "திரும்பிட்டேன்னு சொல்லிடுங்க." அந்தச் சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓடி வந்தவர் போல மூச்சு வாங்கியது. "வயசுடி" என்றார்.

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பல்மனரி ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி, விரிய முடியாமல் இறுகிப்போவது). புகையால் வந்ததா என்று கேட்டேன். "இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. ஏறிய தழும்பு இறங்காது, வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள், நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர், நிறுத்தவே கூடாது என்றார்.

ஆளுயரச் சிலிண்டர் வாடகைக்கு வந்தது. அடுப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது என்று அவரே அளந்து வைத்தார். நான் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்) எண்ணைக் காலண்டர் தாளில் குறித்தேன். தொண்ணூற்று மூன்று. எண்பத்தொன்பது. எண்பத்து நாலு. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து முந்தானையைக் கடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, அவர் கை நீட்டிச் சிலிண்டர் திருகைக் குறைத்துக்கொண்டிருந்தார். இரண்டில் இருந்தது ஒன்றுக்கு வந்திருந்தது.

"இன்னாங்க பண்றீங்க?"

"சிலிண்டர மாட்டிக்கினு புகைக்குள்ள போனா, போறதுக்கு ஒரு பங்கு, வர்றதுக்கு ரெண்டு பங்கு வெக்கணும்டி. உள்ளயே தீத்துட்டா யாரு வெளிய தூக்கியாறது?"

"எங்க உள்ள போயிக்கினு இருக்கீங்க? கட்டில்ல தான படுத்துக்கினு இருக்கீங்க."

காலண்டர் தாளைப் புரட்டிப் பார்த்தேன். வாரக்கணக்கில் குறைத்து வைத்திருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, ஒரே பேஜாரா கீது உங்களோட. தீந்தா ஜல்தியா வேற கொண்டாந்து போடப் போறேன். மிச்சம் புடிச்சு எனக்கா சீர் வெக்கப் போறீங்க?"

அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஐயா, மிச்சம் புடிச்சா நுரையீரலோட போகாது. இதயமும் சோர்ந்துடும்." அவர் அதிகாரி முன்னால் நிற்பது போலக் கேட்டுக்கொண்டார். என்னைத்தான் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண் இறங்கினால் டாக்டருக்குச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் திருகையும் பாருங்கள்.

அதற்குப் பிறகு திருகுக்குக் காவல் இருந்தேன். கிழமை மறந்துபோனது. ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு நாள் சொச்சம், அதுதான் கணக்கு. நாலு மாதம் போனது. நோய் நிஜமாகவே முற்றியது. மூன்று லிட்டராக ஏற்றினார்கள்.

அன்று காலை காதர் பாய் புது சிலிண்டர் மாட்டினார். திருகை மூன்றில் வைத்தார். நானும் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். "மூணுதாண்டி" என்றார் அவர். செல்வி கஞ்சியோடு வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை இல்லை, திருகைத்தான். மூன்றில் இருந்தது.

வால்வை மூடியவர் காதர் பாய். குழாயையும் அவர்தான் சுற்றி வைத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. என் மூச்சு எனக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். நோய் வந்த புதிதில் மாடிப்படி ஏறும்போது அவர் மூச்சு வாங்கி நின்றுவிடும் ஆறாவது படியில் நானும் நிற்கிறேன். மூச்சு வாங்காமலே நிற்கிறேன்.

சிலிண்டர் இன்னும் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. முள் நிறைவுக் கோட்டை விட்டு இறங்கவே இல்லை. போறதுக்கான ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. வர்றதுக்கான ரெண்டு பங்கும் அப்படியே உள்ளே இருக்கிறது.

காதர் பாய் இரண்டு முறை எடுக்க வந்தார். "இருக்கட்டும் பாய்" என்றேன். "வாடகை ஏறுதே அண்ணி" என்றார். ஏறட்டும் என்று சொல்லவில்லை. கணக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு முப்பது ரூபாய். இன்றோடு நாற்பத்தொரு நாள். தர வேண்டியது ஆயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்.