நாட்டின் எல்லைகள்

"வடக்கே இமயமலை" என்று சொல்லி ஓரடி ஏறுகிறார். "தெற்கே இந்துமாக்கடல்" என்று சொல்லி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். திங்கட்கிழமைதோறும் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கொல்லிமலை ஏறும் அர்த்தனாரி வாத்தியாரின் படிப்பு இவ்விதமே நடக்கிறது. என் அத்தை மகன். வயது நாற்பத்து மூன்று. குண்டனி நாட்டின் ஓராசிரியர் பள்ளியில் இது பதினோராவது ஆண்டு.

பள்ளியில் வாத்தியாராயினும் பாதையில் அவர் மாணவர். பரீட்சை வைப்பவள், உப்பு மூட்டையுடன் கூடவே ஏறும் அவ்வூர்ப் பாப்பாயி. எழுத்தறியாதவள், கேட்டுக் கேட்டே புத்தகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம்.

"ஏனுங்க வாத்தியாரே, கெழக்க உட்டுப்போட்டீங்களே?"

"வங்காள விரிகுடா. கொஞ்சம் மூச்சு உடு, பாப்பாயி."

"மூட்ட எந்தலையிலீங்க. மூச்சு மட்டும் உங்களுக்கு வாங்குதாக்கும்!"

பயிற்சிச் சான்றிதழ் இல்லாமலே வேலையில் சேர்ந்தவர். தேர்வில் இருமுறை தவறிவிட்டார். மூன்றாம் முறையும் தவறினால் வேலை இல்லை. சென்ற ஆண்டுக் கேள்வி, 'நம் நாட்டின் எல்லைகளை எழுதுக' என்பது. மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். "உன் நாடு எது?" என்றால் குழந்தைகள் "குண்டனி நாடுங்க" என்பார்கள். பத்தாண்டுகள் அதைத் திருத்திய கை, சேலத்துத் தேர்வுக்கூடத்தில், 'வடக்கே ஓடை, தெற்கே வேங்கைமரத்து மேடு' என்று எழுதிவிட்டது. வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்ததாம்.

"செரியாத்தானுங்களே எழுதியிருக்கறீங்க?" என்றாளாம் பாப்பாயி.

அந்த நாட்டின் எல்லையில் ஒரு கல் உண்டு. அதற்கு உட்பட்ட மண்ணை அங்குள்ளவர்கள் செருப்புக் காலால் மிதிப்பதில்லை. வாத்தியாரும் ஏறும்போது கல்லருகே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். இறங்கும்போது அவ்விடத்திலேயே மாட்டிக்கொள்வார்.

இந்தப் பங்குனியில் கடைசித் தேர்வுக்கு அவர் இறங்கியபோது நானும் உடனிருந்தேன். பாப்பாயி கல்வரை வந்து நின்றாள்.

"சாமி, எங்க நாட்ட எழுதிப்போடாதீங்க. பொஸ்தகத்து நாட்ட எழுதுங்க."

"இல்ல பாப்பாயி. இந்தவாட்டி இமயமலதான்."

கல்லைக் கடந்தோம். "வடக்கே இமயமலை, தெற்கே இந்துமாக்கடல்" என்று களைத்த குரலில் முணுமுணுத்தபடி அவர் முன்னே நடந்தார். பாதை சரளையாயிற்று. காரவள்ளியின் கூரைகள் தென்பட்ட பின்னும் செருப்பு அவர் கையிலேயே இருந்தது.